பால் பொங்கும் அரை விநாடி: சுவரொட்டிக்கு அசைவும் தொடுகையும் ஒலியும் சேர்ப்பது எப்படி

தாராவி 90 அடி சாலையில் பெண்கள் வரிசையாக அடுப்பு வைத்துப் பொங்கலிடுவது மும்பைத் தமிழர்களுக்குத் தெரிந்த காட்சி. அந்த நாளுக்கு ஒரு சுவரொட்டி செய்வதாக வைத்துக்கொள்வோம். சுவரில் ஒட்ட ஒரு அச்சுப் படி, வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் ஓட ஒரு காணொளி, கைப்பேசியில் தொட்டு விளையாட ஒரு பக்கம், மேடையோரத்து எல்இடி திரைக்கு ஒரு படி என நான்கு தேவை. நான்கும் ஒரே வடிவமைப்பிலிருந்து பிறக்க வேண்டும்.

இந்த மாதிரி வேலைகளில் வழக்கமாக என்ன நடக்கிறது? தலைப்பு பறந்து வருகிறது, கரும்பு ஆடுகிறது, சூரியன் சுழல்கிறது, பின்னணியில் நாதஸ்வரம் முழங்குகிறது. கண் எங்கே நிற்பதென்று தெரியாமல் அலைகிறது. எந்தத் தேதி, எந்த இடம் என்பது மனதில் ஏறுவதே இல்லை. அதனால் மென்பொருளைத் திறப்பதற்கு முன்பே ஒரு முடிவு எடுத்துவிடுங்கள்: இந்தச் சுவரொட்டியில் நடக்கப்போகும் ஒரே சம்பவம் எது? நம் எடுத்துக்காட்டில் அது பானை பொங்கி வழியும் அரை விநாடி. அசைவும் தொடுகையும் ஒலியும் அந்த அரை விநாடிக்காக மட்டுமே வேலை செய்யும். மற்றதெல்லாம் அசையாமல் நிற்கும்.

1. முதலில் அசையாத படம்

பொங்கி வழிந்த நிலையில் இருக்கும் பானையை வரையுங்கள். கதையின் உச்சமே அச்சுப் படம். காணொளியின் முதல் ஃபிரேமும் அதுவாகவே இருக்கட்டும். பகிரும்போது சிறுபடமாகப் பெரும்பாலும் முதல் ஃபிரேம்தான் தெரியும். வெற்றுத் திரையில் தொடங்கும் காணொளிக்கு அங்கே ஒரு கறுப்புக் கட்டம்தான் கிடைக்கும்.

அளவு 1080 × 1920 பிக்சல். மேலே சுமார் 270 பிக்சலும் கீழே சுமார் 380 பிக்சலும் செயலியின் பொத்தான்கள் ஏறி உட்காரும் இடம். அங்கே எழுத்து வைக்காதீர்கள். தேதி, நேரம், இடம் மூன்றும் நடுப்பகுதியில் இருக்கட்டும். காணொளி முழுக்க அவை ஒரு பிக்சல்கூட நகரக் கூடாது.

அடுக்குகளை இப்போதே பிரித்து வையுங்கள்: பின்னணி, அடுப்பும் விறகும், தீ, பானையின் பின்விளிம்பு, நுரை, பானையின் முன்பக்கம், வழியும் பால், தலைப்பு, தகவல். பானையை ஒரே அடுக்காக வரைந்துவிட்டால் நுரை உள்ளேயிருந்து எழாது, முன்னால் ஒட்டிய பஞ்சுபோல் நிற்கும். பாதி வேலை முடிந்தபின் இதைத் திருத்துவது பெரிய தலைவலி.

2. தமிழ் எழுத்தை அசைவுக்குத் தயார்செய்தல்

அதிகம் உடைவது இந்த இடத்தில்தான். ஆங்கிலத்துக்காகச் செய்த அசைவுக் கருவிகள் எழுத்தை எழுத்தாகப் பிரித்து ஆட்டும். 'பொங்கல்' நமக்கு நான்கு எழுத்து: பொ, ங், க, ல். கணினி எழுத்தைச் சேமிக்கும் யூனிகோடில் அது ஏழு குறிகள்: ப, ஒகரக் குறி, ங, புள்ளி, க, ல, புள்ளி. நிரல் அந்த ஏழையும் தனித்தனியாக ஆட்டினால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், புள்ளி அந்தரத்தில்.

தப்பிக்க மூன்று வழிகள் உண்டு.

சொல் சொல்லாக அசைப்பது எளிது. பெரும்பாலான வேலைக்கு அது போதும்.

எழுத்தெழுத்தாகத்தான் வேண்டுமென்றால், வரைகலை மென்பொருளான இல்லஸ்ட்ரேட்டரில் உலகமொழி வரி அமைப்பைத் தேர்ந்து தட்டச்சு செய்து, உருவரையாக (வெறும் கோட்டு வடிவமாக) மாற்றி, கொம்பும் காலும் புள்ளியும் அதனதன் மெய்யோடு சேரும்படி கையால் குழுவாக்குங்கள். அசைவு மென்பொருளான ஆஃப்டர் எஃபெக்ட்ஸில் நேரடியாகத் தட்டச்சு செய்வதென்றால், விருப்பங்களில் எழுத்து எஞ்சினைத் தெற்காசிய, மத்தியக் கிழக்கு வகைக்கு மாற்றியபின் தொடங்குங்கள்.

இணையப் பக்கத்தில் எழுத்துச் சரத்தை நேரடியாக உடைக்காமல், முழு எழுத்துகளாகப் பிரித்துத் தரும் ஜாவாஸ்கிரிப்டின் Intl.Segmenter கருவியைப் பயன்படுத்துங்கள். 2024 முதல் முக்கிய உலாவிகள் எல்லாவற்றிலும் இருக்கிறது. 'க்ஷ' வரும் சொற்களை மட்டும் ஒரு கண் வைத்துப் பாருங்கள். அது இரண்டாகப் பிரியும்.

பாமினி போன்ற பழைய எழுத்துருவில் வந்த கோப்பை அப்படியே இணையத்தில் போட முடியாது. அச்சகத்துக்காக வைத்திருக்கும் பழைய வாசகத்தை யூனிகோடுக்கு மாற்றியதும் ஒருமுறை முழுக்கப் படித்துப் பாருங்கள். ஊர்ப்பெயரிலும் ஆட்பெயரிலும்தான் பிழை ஒளிந்திருக்கும்.

எழுத்துருத் தேர்வுக்கு வருவோம். மும்பையின் ஏக் டைப் குழுவினர் செய்த 'பாலூ தம்பி 2' இங்கே கச்சிதமாகப் பொருந்தும். உருண்டு திரண்ட எழுத்து, இலவசம், அதைவிட முக்கியமாக, எடையை, அதாவது கோட்டின் தடிமனை, 400இலிருந்து 800வரை இடைவிடாமல் மாற்றக்கூடிய மாறு எழுத்துரு. பால் எழும்போது 'பொங்கல்' என்ற சொல்லும் மெல்லிய 400இலிருந்து 800க்கு உப்பட்டும். பானையில் நடப்பது எழுத்திலும் நடக்கிறது. தனியாக வேறு வித்தை வேண்டியதில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. எடை கூடினால் எழுத்தின் அகலமும் கூடும், பக்கத்து எழுத்து தள்ளப்படும், வரியே நெளியும். ஒவ்வோர் எழுத்துக்கும் 800 எடையின் அகலத்தில் ஒரு பெட்டி கொடுத்து, எழுத்தை அதன் நடுவில் நிறுத்துங்கள். காணொளிக்குச் செய்யும்போது 400, 800 இரண்டையும் உருவரையாக்கி ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு உருமாற்றலாம். ஒரே மாறு எழுத்துருவிலிருந்து வந்ததால் இரண்டிலும் உருவரைக் கோட்டை அமைக்கும் புள்ளிகளின் எண்ணிக்கை ஒன்றாக இருக்கும். உருமாற்றம் வழுக்கிக்கொண்டு போகும். மேலடுக்கும் வடிவங்களை ஒன்றிணைக்கும் கட்டளையை மட்டும் தொடாதீர்கள். தொட்டால் எண்ணிக்கை மாறிவிடும், நடுவழியில் எழுத்து முறுக்கிக்கொள்ளும்.

மும்பையில் மராத்தி வரி ஒன்றும் கேட்பார்கள். அதே குடும்பத்தின் 'பாலூ 2' தேவநாகரிக்கு இருக்கிறது, கனமும் ஒத்துப்போகும். ஆனால் தேவநாகரியை எழுத்தெழுத்தாகப் பிரித்தால் தலைக்கோடு துண்டு துண்டாகும். அங்கே சொல்லுக்குக் கீழே இறங்கக் கூடாது.

3. எட்டு விநாடி, 200 ஃபிரேம்

விநாடிக்கு 25 ஃபிரேம், மொத்தம் 8 விநாடி. டைம்லைன் இப்படிப் போகட்டும்:

0–38: பொங்கி வழிந்த நிலை, அசைவில்லை.
38–50: நுரை சட்டென்று உள்ளே இறங்குகிறது. அடுப்பைத் தணித்தால் பால் இறங்குமே, அதுதான். எழுத்து 400க்கு மெலிகிறது.
50–125: மூன்று விநாடி கொதி. நுரை மெல்ல ஏறுகிறது.
125–135: நுரை பானை வாயில் வந்து நிற்கிறது.
135–147: பொங்கி வழிகிறது. எழுத்து 800க்கு உப்புகிறது.
147–200: அசைவில்லை.

கடைசி நிலையும் முதல் நிலையும் ஒன்றே என்பதால் மறுபடி மறுபடி ஓடும் லூப்பில் தையல் தெரியாது. ஏற்றுமதி செய்யும்போது 0 முதல் 199வரை மட்டும் எடுங்கள். 200ஆவது ஃபிரேமையும் சேர்த்தால் ஒரே படம் இருமுறை வரும். இங்கே படம் நிற்கும் நேரம் என்பதால் அது தெரியாது; ஓடிக்கொண்டே இருக்கும் லூப்பில் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு தட்டு தட்டும்.

இறுதி 53 ஃபிரேமும் முதல் 38 ஃபிரேமும் சேர்ந்தால் மூன்றரை விநாடிக்கு மேல் ஓய்வு. தகவலைப் படிக்கும் நேரம் அதுதான். இரண்டு வரிக்கு மேல் தகவல் இருந்தால் இந்த ஓய்வை நீட்டுங்கள். கொதியில் கை வைக்காதீர்கள்.

வேக வளைவுதான் உயிர். பால் எப்படிக் காய்கிறது? வெகுநேரம் ஒன்றும் நடக்காது. திரும்பிப் பார்ப்பதற்குள் வழிந்திருக்கும். அதனால் 50–125க்கு மெல்லத் தொடங்கி இறுதியில் வேகமெடுக்கும் வளைவு வேண்டும். இணையப் பக்கத்தின் தோற்ற மொழியான சிஎஸ்எஸ்ஸில் வளைவைக் குறிக்கும் கியூபிக் பெசியர் எண்களாக 0.7, 0, 0.84, 0. வழியும் 135–147க்கு அதன் மறுதலை: 0.16, 1, 0.3, 1. பாய்ந்து வெளியேறி, விளிம்பில் ஒட்டி, மெல்ல நிற்கும். இரண்டுக்கும் மென்பொருள் தரும் ஒரே 'ஈஸி ஈஸ்' வளைவைப் போட்டால், பால் மின்தூக்கியில் ஏறி இறங்குவதுபோல் இருக்கும்.

நடுவில் இருக்கும் அந்தப் பத்து ஃபிரேம் நிறுத்தத்தை 'வீண்' என்று வெட்டச் சொல்லும் வாடிக்கையாளர் இருப்பார். விட்டுக்கொடுக்காதீர்கள். அது இல்லாவிட்டால் பொங்குவது தெரியாது, ஏதோ வெள்ளையாகப் பரவியது என்றுதான் தெரியும்.

கொதி நேரத்தில் தீயும் மெல்ல அசையலாம். ஆனால் திரையின் பெரும்பகுதி விநாடிக்கு மூன்று முறைக்கு மேல் பளிச்சிடக் கூடாது. டபிள்யூசிஏஜி என்னும் இணைய அணுகல் விதிகள் வைத்திருக்கும் வரம்பு அது. ஒளிக்கு வலிப்பு வரக்கூடியவர்களுக்கு ஆபத்து என்பதே காரணம்.

4. தொடுகை: விறகைத் தள்ளுதல்

கியூஆர் கோடு வழியாகத் திறக்கும் பக்கத்தில், விரலை அடுப்பில் அழுத்திப் பிடித்தால் தீ வளர்கிறது, நுரை ஏறுகிறது. விட்டால் இறங்குகிறது. நான்கு விநாடி விடாமல் பிடித்தால் பொங்குகிறது. தொடுகைக்கும் பொங்கலுக்கும் இருக்கும் உறவு இங்கே உண்மையானது: அடுப்பைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். 'இங்கே தட்டவும்' என்று போட்டு வண்ணத்தாள் தூவுவதில் அந்த உறவு இல்லை.

நிலைகள் நான்கு: சும்மா, காய்தல், பொங்குதல், பொங்கிமுடிந்தது. எந்த நிலையிலிருந்து எதற்குப் போகலாம் என்று தாளில் அம்புக்குறி போட்டபின் நிரல் எழுதுங்கள். குறிப்பாக, பொங்கிக்கொண்டிருக்கும்போது மறுபடி அழுத்தினால் என்ன ஆகும் என்பதற்குப் பதில் இருக்கட்டும். நம் பதில்: ஒன்றும் ஆகாது.

நுரையின் உயரத்தைக் கடந்த நேரத்தை வைத்துக் கணக்கிடுங்கள். ஃபிரேமை எண்ணி ஏற்றினால் 60 ஹெர்ட்ஸ் திரையில் நான்கு விநாடியில் பொங்கும் பானை 120 ஹெர்ட்ஸ் திரையில் இரண்டே விநாடியில் பொங்கிவிடும்.

அழுத்தியதும் 100 மில்லி விநாடிக்குள் தீ கொஞ்சமாவது எகிற வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் 'வேலை செய்யவில்லை' என்று விரலை எடுத்துவிடுவார்கள்.

நீண்ட நேரம் அழுத்தினால் கைப்பேசி எழுத்தைத் தேர்வுசெய்யும் அல்லது படத்தைச் சேமிக்கச் சொல்லும். அடுப்புப் பகுதியில் எழுத்துத் தேர்வையும் உலாவியின் தொடு சைகைகளையும் நிறுத்திவையுங்கள். பக்கம் முழுக்க நிறுத்தினால் உருட்ட முடியாமல் போகும்.

விரலை எடுத்த நிகழ்வு எப்போதும் வராது. நடுவில் அழைப்பு வந்தால் 'பாயின்டர் கேன்சல்' நிகழ்வுதான் வரும். அதைக் கவனிக்காவிட்டால் விரல் இல்லாமலே தீ எரிந்துகொண்டிருக்கும்.

நுரையை நகர்த்த 'டிரான்ஸ்ஃபார்ம்' (இடமும் அளவும்), 'ஒப்பாசிட்டி' (ஒளிபுகாமை) இரண்டை மட்டும் மாற்றுங்கள். உயரம், மேல்தூரம் ஆகியவற்றை மாற்றினால் ஒவ்வொரு ஃபிரேமிலும் உலாவி பக்கத்தையே மறுபடி அடுக்கும். விலை குறைந்த ஆண்ட்ராய்டில் திக்கும். எழுத்தின் எடை மாற்றமும் கனமான வேலைதான். அதனால் அதைத் தலைப்பின் ஒரே சொல்லோடு நிறுத்துங்கள்.

தொடாதவரையும் மறக்கக் கூடாது. ஆறு விநாடி யாரும் தொடாவிட்டால் பானை தானே ஒருமுறை பொங்கட்டும். தேதியும் இடமும் விளையாட்டில் வென்றால்தான் தெரியும் என்று ஒளித்துவைக்காதீர்கள். விசைப்பலகையின் இடைவெளிப் பட்டையும் விறகைத் தள்ள வேண்டும். கைப்பேசி அமைப்பில் அசைவைக் குறைக்கச் சொன்னவருக்கு 'பிரிஃபர்ஸ் ரெட்யூஸ்டு மோஷன்' வினவலைப் பார்த்து அசையாத படத்தைக் காட்டுங்கள். தானாக ஓடி ஐந்து விநாடிக்கு மேல் நீளும் அசைவுக்கு நிறுத்தும் பொத்தான் தேவை. பொங்கும்போது கைப்பேசி அதிர்வது நன்றாகத்தான் இருக்கும், ஆனால் ஐபோன் சஃபாரியில் அதிர்வு வராது; அதை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

லாட்டி கோப்பாகவே முடித்துவிடலாமே என்ற கேள்வி வரும். அசையும் வரைபடத்தைச் சிறு கோப்பாக இணையப் பக்கத்தில் ஓட்டும் வடிவம் அது; ஏர்பிஎன்பி 2017இல் இந்தப் பெயரில் அதற்கான நிரலகத்தை வெளியிட்டது. நிழலுருவப் படங்கள் செய்த ஜெர்மானியர் லாட்டே ரைனிகரின் பெயர். தீக்கும் ஆவிக்கும் அருமை. தமிழ் எழுத்தை மட்டும் உருவரையாக்கியபின் ஏற்றுங்கள். எழுத்தாகவே விட்டால் கொம்பு மறுபடி கழன்றுகொள்ளும்.

5. ஒலி

மூன்றே அடுக்கு: விறகு வெடிப்பு, கொதி, குலவை. நாதஸ்வரம் வேண்டாம். நல்ல வாத்தியம்தான், ஆனால் எந்தத் தமிழ் நிகழ்ச்சிக்கும் அதைப் போட்டுவிடலாம் என்பதே அதன் குறை. குலவை கேட்டதும் எது பொங்கியது என்று தெரியும்.

குலவையைப் பதிவுசெய்ய: பெண்களிடம் எதற்காக என்று சொல்லி அனுமதி பெறுங்கள். மைக் ஒன்றரை முதல் இரண்டு மீட்டர் தள்ளி இருக்கட்டும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட், உச்சம் கழித்தல் 12 டெசிபெல். தானியங்கி ஒலிமட்டத்தை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் குலவை எழுந்ததும் கருவி பயந்து அமுக்கும், முடிந்ததும் தெரு இரைச்சலைத் தூக்கும். குலவையின் கூர்மை 2 முதல் 4 கிலோஹெர்ட்ஸில் காதைக் குத்தினால் அங்கே 3 டெசிபெல் குறையுங்கள். அதற்கு மேல் குறைத்தால் குலவை வாடிவிடும்.

கொதிக்கு ஒரே பதிவு போதும். உயர்ந்த அதிர்வெண்களைத் தடுக்கும் லோபாஸ் வடிகட்டி ஒன்றை வைத்து, நுரை அடியில் இருக்கும்போது 400 ஹெர்ட்ஸ், விளிம்பை எட்டும்போது 4000 ஹெர்ட்ஸ் எனத் திறந்துகொண்டே போங்கள். விரலின் அழுத்தம் ஒலியில் தெரியும். கைப்பேசி ஒலிபெருக்கியில் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே ஏறக்குறைய ஒன்றுமே கேட்காது. ஹெட்ஃபோனில் நெஞ்சதிரக் கேட்ட கொதி, கைப்பேசியில் காணாமல் போவது அதனால்தான்.

லூப் ஒலிக்கு எம்பி3 வேண்டாம். அதன் குறியாக்கம் தொடக்கத்தில் சிறு மௌனம் சேர்க்கும், ஒவ்வொரு சுற்றிலும் ஒரு விக்கல் வரும். வேவ் கோப்பை நடுவில் வெட்டி, பாதிகளை இடம் மாற்றி, சேரும் இடத்தில் 200 மில்லி விநாடி குறுக்குமங்கல் (ஒன்று தேய மற்றொன்று எழுவது) கொடுத்தால் விளிம்பு தானாகப் பொருந்தும்.

எப்போது ஒலிக்க வேண்டும்? பால் விளிம்பைத் தாண்டிய 2 ஃபிரேம் கழித்து, அதாவது 80 மில்லி விநாடியில், குலவை தொடங்கட்டும். முந்தி வரும் ஒலியைக் காது உடனே பிடித்துவிடும். பிந்தி வருவதைக் கொஞ்சம் பொறுக்கும். தூரத்தில் துணி துவைப்பவரைப் பார்க்கும்போது அடி முதலில் தெரிகிறது, சத்தம் பிறகுதான் வருகிறது. அந்தப் பழக்கம் நமக்கு உண்டு.

உரப்பை, அதை அளக்கும் அலகில், கழித்தல் 14 எல்யூஎஃப்எஸ், உச்சத்தைக் கழித்தல் 1 டெசிபெல் என்று வையுங்கள். இலவச ஒலித் திருத்த மென்பொருளான ஆடாசிட்டியிலேயே இதற்கான கட்டளை இருக்கிறது. பக்கத்துக்கான ஒலி ஒற்றைத் தடம், விநாடிக்கு 64 கிலோபிட் போதும். எட்டு விநாடிக்கு 64 கிலோபைட்தான் ஆகும்.

பயனர் தொடுவதற்கு முன் உலாவி ஒலியை அனுமதிக்காது. குரோம் 2018 முதல் இப்படித்தான். விறகைத் தள்ளும் முதல் அழுத்தத்திலேயே ஒலிச் சூழலை, அதாவது உலாவியின் ஒலி வசதியான வெப் ஆடியோவை, எழுப்புங்கள். ஐபோனின் பக்கவாட்டுச் சுவிட்ச் மௌனத்தில் இருந்தால் வெப் ஆடியோ கேட்காது. அதை உங்கள் பிழை என்று நினைத்து இரவெல்லாம் தேடாதீர்கள்.

எப்படியும் பாதிப் பேர் லோக்கல் ரயிலில் ஒலியை அணைத்துத்தான் பார்ப்பார்கள். குலவை எழும் அதே ஃபிரேமில் 'பொங்கலோ பொங்கல்' என்ற சொல் நுரைக்கு மேல் தோன்றட்டும். ஒலி சொல்வதை எழுத்து சொல்லிவிடும்.

6. அனுப்பும் முன்

காணொளி: எச்.264, எம்பி4, விநாடிக்கு 6 முதல் 8 மெகாபிட். குழுவினருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும்போது 'ஆவணம்' என்று அனுப்புங்கள். காணொளியாக அனுப்பினால் செயலி நசுக்கும். ஜிஃப் வேண்டாம். 256 நிறத்தில் நுரையின் வெண்மை படிக்கட்டு படிக்கட்டாகத் தெரியும்.

கியூஆர் கோடு: பார்ப்பவர் நிற்கும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கு. 2 மீட்டருக்கு 20 செ.மீ. சுற்றிலும் 4 கட்ட அகலத்துக்கு வெற்றிடம். ஃபிளெக்ஸ் மினுமினுப்பில் வெயில் பட்டால் படிக்காது. மங்கல் பரப்பில் அடிக்கச் சொல்லுங்கள். பக்கத்தை உச்சிவெயிலில், விலை குறைந்த கைப்பேசியில், மொபைல் டேட்டாவில் திறந்து பாருங்கள்.

எல்இடி திரை: வாடகைக்கு விடுபவரிடம் பிக்சல் இடைவெளியைக் கேளுங்கள். 3.91 மி.மீ. வகையில் அரை மீட்டர் சதுரப் பெட்டி ஒவ்வொன்றும் 128 × 128 பிக்சல். 4 × 3 மீட்டர் திரைக்கு 8 × 6 பெட்டி, ஆக 1024 × 768. செங்குத்துக் காணொளியை அதில் திணிக்காமல் அடுக்குகளை மறுபடி அடுக்குங்கள். மெய்யெழுத்தின் புள்ளி குறைந்தது 4 பிக்சலாவது இருக்கட்டும். இல்லாவிட்டால் தூரத்தில் நிற்பவருக்குப் 'பொஙகல' என்றுதான் தெரியும்.

2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகளின்படி இரவு 10 முதல் காலை 6 வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. குடியிருப்புப் பகுதிக்குப் பகல் வரம்பு 55 டெசிபெல். மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றத்தைச் சுற்றி 100 மீட்டர் வரை அமைதி மண்டலம் ஆகலாம். ஆனால் திரைக்கான கோப்பில் ஒலித்தடத்தையே நீக்கிவிட இதைவிட நல்ல காரணம் உண்டு. திரைக்கு முன்னால் உண்மையான அடுப்புகள் எரிந்துகொண்டிருக்கும். ஒவ்வொரு பானையும் அதனதன் நேரத்தில் பொங்கும், குலவையும் அப்போதப்போது எழும். எட்டு விநாடிக்கொருமுறை பதிவுசெய்த குலவை ஒலித்தால் யாருடைய பானை பொங்கியதென்று அங்கே நிற்பவர்களுக்கே தெரியாமல் போகும்.